வெகுளி நான்தான் என்று சொன்ன காதர் பாய்

காதர் பாய் மவுத்தாகிவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியவர் அவர். அன்று அவருக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, தெரியவில்லை.

கூடுவாஞ்சேரியில் அவர் பத்திரம் எழுதிய கடையை அறியாதவர் உங்களில் இருக்க முடியாது. கைநாட்டு வைப்பவர்களுக்கு முழுதும் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார். "காதுல வாங்குனா போதாது, வாயில வரணும்" என்பார். நான் படிக்காதவன். எங்கள் பாகப் பத்திரத்தை அவர் படித்து முப்பது வருடமாகிறது. நான்கு எல்லையும் இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

ஒரே ஒரு நாள் அவர் படிக்கவில்லை. என் வீட்டுக்குப் பின்னால் மனை போடுகிறவர்களுக்கு வழி விட்டு எழுதித் தர வேண்டும் என்று என் தம்பி மகன் என்னைப் பாயின் கடைக்கு அழைத்துப் போனான். வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. அவன் சொல்லி எழுதி வைத்திருந்த பத்திரத்தைப் பாய் எனக்குப் படித்துக் காட்டப் பிரித்தார்.

"வூட்லயே படிச்சுக் காட்டிட்டேன் பாய். பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்றான் அவன்.

"தெரியுமாண்ணா?"

"நம்ம புள்ள சொன்னா சரிதான் பாய்."

பாய் என் விரலை மையில் ஒற்றிவிட்டார். ரிஜிஸ்தர் ஆபீஸில் சம்மதமா என்றார்கள். சம்மதம் என்றேன். ஊரப்பாக்கத்தில் நான் குடியிருக்கிற வீட்டையே அவனுக்குத் தானமாக எழுதிய பத்திரம் அது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிப் போட்ட மனுவில் என் வக்கீல் என்னை 'வெகுளி' என்று எழுதியிருந்தார். பாய் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. "பல்லைப் பாத்து மாடு புடிச்சவன் நான். என்னப் போயி வெகுளின்றாரு" என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. "ஏமாந்தவன வெகுளின்னுட்டா, ஏமாத்துனவன் பேச்சே வராது. உனக்கு எழுத்து தெரியாது, அவ்ளோதான். எவன் எதுக்கு வரான்னு இந்த நாற்காலில குந்திகினு பாத்தவன் நான். அந்தப் பய சொன்னத நம்பி படிக்காம வுட்டேனே, வெகுளி நான்தான். கோர்ட்ல வந்து அதையே சொல்றேன்."

"லைசென்சு போயிடும் அத்தா" என்றான் பக்கத்தில் இருந்த அவர் மகன்.

"போவட்டும்டா. அண்ணனுக்கு வூடு போவுது."

பாயின் மையத்தை அடக்கத்துக்கு எடுக்குமுன் அந்த மகன்தான் பள்ளிவாசலில் எல்லோர் முன்பும் நின்று, "அத்தா யாருக்காச்சும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க" என்றான். அவன் கண் என் மேல்தான் இருந்தது. நடந்ததை அங்கே சொல்லியிருந்தால் ஊரே கேட்டிருக்கும். "மன்னிச்சாச்சு தம்பி" என்று மட்டும் சொன்னேன். அங்கே வந்திருந்த என் தம்பி மகன் என் கையைப் பிடித்தான். "வா பெரியப்பா, வெயில்ல நிக்காத." கையை உதறிக்கொண்டேன். வேறென்ன செய்ய முடிந்தது?

செத்தவர் சொன்னதாக நான் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்கிறார் வக்கீல். என்னைத் தவிர அந்தப் பேச்சைக் கேட்டவன் பாயின் மகன் ஒருவன்தான். அத்தாவின் தப்பைக் கூண்டில் ஏறிச் சொல் என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீடு போய்விடும் என்றே தோன்றுகிறது. இந்த வயதில் எங்கே போவேன்?

பாய் போன பிறகு என்னிடம் இருப்பது "வெகுளி நான்தான்" என்று அவர் சொன்ன அந்தப் பேச்சு. வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போகிறேன். எடுபடட்டும், படாமல் போகட்டும். ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொல்வேன்.