வண்டிக்கு ஒன்றும் இல்லை

போன செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டு கேட்டை ஒரு லாரி அடைத்துக்கொண்டு நின்றது.

சின்ன லாரி இல்லை. தார்ப்பாய் போர்த்தி, கயிறு இழுத்துக் கட்டி, தெரு முழுக்க வெங்காய வாசனையைப் பரப்பிக்கொண்டு நின்றது. என் ஸ்கூட்டரோ உள்ளே. செவ்வாய்க்கிழமை என்றால் நான் திருத்தணி மலைக்கு, முருகனைப் பார்க்கப் போகாமல் இருப்பதில்லை. கூட்டம் சேர்வதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். என் கோபத்தைப் பற்றி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பைபாஸ் பக்கத்தில் வீடு கட்டியது என் தப்புதான். அதற்காக வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துவதா?

மனசுக்குள் இரண்டு திட்டு தயார் செய்துகொண்டு போய் லாரிக் கதவைத் தட்டினேன்.

மேலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். தோள் வரைக்கும் முடி. மார்பு வரைக்கும் தாடி. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ கண்கள். தயார் செய்த திட்டில் ஒன்று எனக்கு மறந்தே போய்விட்டது.

"கோச்சிக்காதீங்கக்கா. லாரியை மலை மேல விட மாட்டாங்க. மெயின் ரோட்ல நிறுத்தினா போலீஸ் வந்துடும். ஒரு மொட்டை போட்டுகினு ஓடி வந்துடறேன்."

ஒரு மொட்டையா? அந்தத் தலையைப் பார்த்தால் ஒரு மொட்டையில் முடிகிற சமாச்சாரமாகத் தெரியவில்லை.

பெயர் முனிரத்தினம். ஆர்.கே.பேட்டைக்காரர். அப்பா தறி ஓட்டினார், இவர் லாரி ஓட்டுகிறார். சென்னையிலிருந்து மகாராஷ்டிராவுக்கு ஏதாவது லோடு, திரும்பும்போது வெங்காயம். போகும்போதும் வரும்போதும் நம் ஊர் வழியாகத்தான். ஒவ்வொரு முறையும் மலை கண்ணில் படும். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவாராம்.

மனைவி லோகேஸ்வரிக்குப் பிரசவ வலி எடுத்தபோது இவர் சோலாப்பூர் பக்கம் லோடு இறக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். வண்டியை விட்டுவிட்டு வர முடியாது. ஃபோனில் மாமியார் அழுகிறார். அங்கே உட்கார்ந்துகொண்டு மனுஷன் வேறென்ன செய்ய முடியும்? தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு பேருமாக மொட்டை போட்டுக்கொள்கிறோம், அது வரைக்கும் என் மேல் கத்தி படாது என்று தணிகை முருகனிடம் வேண்டிக்கொண்டார்.

பெண் பிறந்தாள். நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். கத்தி மட்டும் இன்னும் படவில்லை.

இரண்டு தடவை குடும்பம் மலை மேல் வந்து காத்திருந்திருக்கிறது. முதல் தடவை, ரேணிகுண்டா வருவதற்குள்ளேயே ஓனர் லோடை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார். அடுத்த தடவை இவர் நம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டார். அப்போது பார்த்து ஃபோன்... மார்க்கெட்டில் விலை இறங்குகிறது, எங்கேயும் நிற்காமல் போ என்று. மேலே பெண்டாட்டி, பிள்ளை. கீழே ரோட்டில் இவர்.

"ஹார்ன் அடிச்சிகினே போனேன்க்கா. மேல கேட்டிருக்காது" என்றார்.

எனக்கு இரண்டாவது திட்டும் மறந்துவிட்டது.

ஸ்கூட்டர்தான் வெளியே வராதே, அவர் கூப்பிட்ட ஆட்டோவிலேயே நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பேச்சு. லாரிக்காரர்கள் எப்படிக் குளிக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், உடம்புக்கு வந்தால் என்ன செய்கிறார்கள் என்று நாம் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? பெட்ரோல் பங்க் குழாயில் கூட்டம் இல்லாவிட்டால் குளியல். கூட்டம் இருந்தால் அடுத்த பங்க். முனிரத்தினத்துக்கு ஒரு கடைவாய்ப் பல் வலி. கர்நாடகாவில் ஆரம்பித்ததாம். ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் டாக்டரைப் பார்க்காமல் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

"கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்க வேண்டியதுதானே?"

"எங்க ஓனர் ஃபோன்ல வண்டி ஒரு புள்ளியா தெரியும்க்கா. புள்ளி நகரலன்னா ஃபோன் வந்துடும். பல் வலின்னா திட்டுவாரு. பசின்னாலும் திட்டுவாரு. பஞ்சர்னா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நம்பிடுவாரா?"

"ஃபோட்டோ கேப்பாரு. முன் சக்கரம் ஒண்ணு, பின் சக்கரம் ஒண்ணு, ரெண்டு ஃபோட்டோ எப்பவும் ஃபோன்ல ரெடியா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கொண்டை ஊசித் திருப்பத்தில் ஆட்டோ திணறியபோதுதான் சிரிப்பு நின்றது. டயருக்குக் காற்றுப் போனால் நிற்கலாம். இன்ஜினுக்குச் சூடு ஏறினால் நிற்கலாம். அந்த வண்டியில் நிற்க உரிமையே இல்லாத ஒரே ஜீவன், அதை ஓட்டுகிறவர்.

"இன்னிக்கு என்ன சொல்வீங்க?"

"பஞ்சர்னுதான். சாமி காரியத்துக்குப் பொய் சொல்றோமேன்னு இருக்குது." தாடியைத் தடவிக்கொண்டார். "இது முதல்ல போகணும்க்கா. வீட்டுக்குப் போனா எம் பொண்ணு என்னைப் பார்த்துக் கத்துறா. அவங்க அம்மா புடவையில மூஞ்சியைப் பொதைச்சிக்கிறா. ஃபோன்ல பேசினா மட்டும் நைனா நைனான்னு கொஞ்சுறா. தாடியைக் கிட்டப் பார்த்து பயப்படறாக்கா. வழிச்சிட்டா சரியாயிடும்."

ஒரு தரம், ஒரே ஒரு தரம், அழாமல் தன்னிடம் வந்தால் போதும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

மேலே லோகேஸ்வரி நின்றிருந்தார். இடுப்பில் பெண். பக்கத்தில் தம்பி, தாய்மாமன் மடிக்காக. கணவரைப் பார்த்ததும் "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணின் பெயர் மோனிஷா. வீட்டில் அம்முலு. அவர் கிட்டே வந்தாரோ இல்லையோ, அவள் முகம் புடவைக்குள் போய்விட்டது.

நான் தரிசனத்துக்குப் போகவில்லை. முருகன் எங்கே போய்விடப் போகிறார்? வேடிக்கை பார்க்க நின்றுவிட்டேன்.

மாமன் மடியில் அம்முலு கத்திக் கூப்பாடு போட்டு மொட்டை போட்டுக்கொண்டாள். அவளைக் குளிப்பாட்டிச் சந்தனம் தடவுவதற்குள் முனிரத்தினமும் போய் உட்கார்ந்தார். குளித்துவிட்டு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தத் தாடிக்குள் ஒரு சின்னப் பையன் இவ்வளவு நாளாக ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான். சந்தனத் தலையோடு சிரித்துக்கொண்டே வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"வாடி அம்முலு."

அவள் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வரிசையில் நிற்கிற யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அம்மா கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினாள். அணைந்துபோன திரையைத் தட்டினாள்.

"நைனா?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்தால் பயமுறுத்திய தாடி வேறு. தினமும் ஃபோனுக்குள் வந்து கொஞ்சிய தாடி வேறு. அந்தக் குழந்தைக்கு அப்பா என்றால் அந்த ரெண்டாவது தாடிதான். அதைத்தான் இப்போது எடுத்தாகிவிட்டது.

முனிரத்தினம் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்குத் தெரிஞ்சவனையே வழிச்சிட்டேன்க்கா" என்றார்.

மச்சான்காரன்தான் கெட்டிக்காரன். "பாவா, நீ அந்தாண்ட போய் நின்னுகினு வீடியோ கால் போடு பாவா" என்றான்.

அவர் எழுந்து சுவரோரம் போனார். லோகேஸ்வரி கையில் ஃபோன் அடித்தது. திரையில் ஒரு மொட்டைத் தலை. அம்முலு நெற்றியைச் சுருக்கினாள்.

"அம்முலு... சாப்ட்டியா? இன்னா சாப்ட்ட?"

எந்த ஊரில் நின்று பேசினாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வியாம் அது. சுருக்கம் கொஞ்சம் தளர்ந்தது. "ஆங்" என்றாள். திரையில் இருந்த மொட்டையைத் தொட்டாள். பிறகு தன் தலையைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தாள்.

அவர் பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். இட்லியா? தோசையா? யாரு ஊட்டிவிட்டா? குரல் ஃபோனிலிருந்தும் வருகிறது, எதிரிலிருந்தும் வருகிறது. அவள் ஃபோனைப் பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள். இன்னும் பத்தடிதான் இருக்கும்.

அவர் நின்றுவிட்டார். அவருடைய ஃபோனில் வேறொரு கால் வருகிறது. யார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புள்ளி நகரவில்லை.

கட்டை விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது.

கட் செய்தார்.

கட் செய்துவிட்டு மிச்சத் தூரத்தையும் நடந்து வந்து, "யாரு ஊட்டிவிட்டா, சொல்லு" என்று குனிந்தார். அம்முலு ஃபோனை விட்டுவிட்டாள். அது கீழே கல்லில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள் — "நைனா" என்று.

அழுதேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

கொஞ்ச நேரத்தில் மரத்தடி நிழலில் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள். சந்தனத் தலையும் சந்தனத் தலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்போது மறுபடி ஃபோன். இந்த முறை எடுத்தார். அந்தப் பக்கக் குரல் எனக்கே கேட்டது.

"ஏம்பா, வண்டி திருத்தணியிலயே நிக்குது? இன்னா ஆச்சு?"

பஞ்சருக்காக நான் காத்திருந்தேன். முன் சக்கரமா, பின் சக்கரமா?

"வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் முனிரத்தினம், குழந்தை முழித்துவிடாமல் மெதுவாக. "எம் பொண்ணு தோள்ல தூங்கறா. எழுந்ததும் எடுக்கறேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிறகு ஓனர் திட்டினாரா, சரி என்றாரா, தெரியாது. முனிரத்தினம் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, அவள் தலையில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டார்.

மத்தியானம் வரைக்கும் என் கேட்டைத் திறக்க முடியவில்லை. போக வேண்டிய இடங்களிலிருந்து ஏன் வரவில்லை என்று ஃபோன் செய்து கேட்டவர்களிடமெல்லாம், ஸ்கூட்டர் பஞ்சர் என்று சொல்லிவிட்டேன்.