நியூட்ரலில் இறங்கிய அம்பாசடர்

என் அக்காள் வள்ளியாத்தாளின் வீட்டுக்காரர் சென்னிமலை மாமா பழைய லாரி டிரைவர். எண்பத்திரண்டாம் வருஷம் குடும்பத்துக்கென்று ஒரு அம்பாசடர் வாங்கினார். அதன் பிரேக் டிரம் மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. எப்படித் தாங்கும்? கொல்லிமலைத் தோப்புக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்குவார். வண்டியின் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில் விழும். நான் சொன்னால், "எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றயா?" என்பார். மெக்கானிக்கைத் திட்டுவார். திருஷ்டி என்று சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்.

அன்று குடும்பத்தோடு அப்படி மலையிறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. மிதி தரையைத் தொட்டும் வண்டி பாய்ந்தது.

"மாமா, கியரப் போடுங்க!" என்று கத்தினேன். கரகரவென்றதே தவிர கியர் விழவில்லை. இடப்பக்கம் பள்ளம். அக்காள் இரண்டு குழந்தைகளையும் மடியில் அமுக்கிக்கொண்டு, "அறப்பளீசுவரா, புள்ளைகள உட்டுரு, என்னைய எடுத்துக்க!" என்று அலறினாள். கார் பாறையில் உரசி, கதவு பிய்ந்து, நின்றது.

மாமா ஸ்டியரிங்கை விடாமல் கத்தினார். "அந்த மெக்கானிக்கு நம்மளக் கொல்லப் பாத்தானே!"

சின்னவளின் நெற்றி ரத்தத்தை முந்தானையால் அழுத்தியபடி அக்காள் கேட்டாள்: "இஞ்சின அமத்துனது அவன் கையிங்களா?"