அலங்காநல்லூர் ரோட்டில் ஓடிய அமெரிக்க சம்பந்தியம்மா

விடிகாலையில் கரும்பு லாரி போன ரோட்டுக்கு ஒரு வாசம் உண்டு. நசுங்கிய கரும்பும் டீசல் புகையும் ஈர மண்ணும் கலந்த வாசம். அதை நினைத்தாலே எனக்கு இரண்டு கால்கள் சீராகத் தரையில் விழும் சத்தமும் சேர்ந்து கேட்கும்...

டப், டப், டப்.

அந்தக் கால்கள் பெக்கி அம்மாவுடையவை. அமெரிக்காவில் மாரத்தான் ஓடியவர். அப்போது அவருக்கு அறுபது வயது.

எனக்கு இருபத்து மூன்று. சிம்மக்கல்லில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெக்கி அம்மாவின் மகள், தன்னோடு வேலை பார்த்த அலங்காநல்லூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள இருந்தாள். அம்மா மூன்று வாரம் முன்னதாகவே வந்து பையன் வீட்டில் தங்கினார். மொழிபெயர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"ஒன் வீடும் அந்தப் பக்கந்தானே... இங்கிலீஷ் மீடியம் வேற. நீயே போம்மா" என்றார் ஓனர். என் தகுதி அவ்வளவுதான்!

முதல் நாளே காலை ஐந்தரைக்குப் பெக்கி அம்மாவிடமிருந்து போன். "ஸ்கூட்டியில் தண்ணீர் பாட்டிலோடு என் பின்னால் வருவாயா?"

போனேன். ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. டீக்கடையிலிருந்து ஒருவர் பதறிப்போய், "என்னம்மா, அவுகள யாரும் வெரட்டுறாய்ங்களா?" என்று கேட்டார். டவுன் பஸ் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, "ஏறுங்க, ஏறுங்க" என்றார். பெக்கி அம்மா எல்லோருக்கும் கை காட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தார்.

ஒரு பம்ப்செட் ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது தன் கதையைச் சொன்னார். அப்பாவுக்குப் பால் பண்ணை. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தய டீமே கிடையாது. பையன்களுக்குப் பின்னால் ஓடிப் பழகியிருக்கிறார். பிறகு ஸ்கூல் பஸ் டிரைவர் வேலை. காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில்தான் பயிற்சி.

நாட்டுக்காக ஓட ஆள் எடுக்கும் மாரத்தானில், முதல் மூன்று பேருக்குத்தான் இடம். பெக்கி அம்மா நாலாவதாக வந்தார்.

"அழுதீங்களா?" என்று கேட்டேன்.

"இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் பஸ் எடுக்க வேண்டுமே!"

அதற்கப்புறம் மகள் பிறந்து, அவளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறார். சின்னச் சின்ன ஊர்களில் நடந்த போட்டிகளில் ஜெயித்தும் இருக்கிறார். ஆனால் அந்த நாலாவது இடத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

நாலு நாள் கழித்து, மாப்பிள்ளையின் அப்பா பெரியசாமி ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தாயி, சம்பந்தியம்மாட்ட பக்குவமாச் சொல்லிரு. டவுசரப் போட்டுக்கிட்டு ரோட்ல ஓடுறது நம்ம ஊருக்குச் சரிவராது. பங்காளிக அம்புட்டுப் பேரும் ஒரு மாதிரி கேக்குறாய்ங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் ஓட வேணாம்."

பெக்கி அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்... இங்கிலீஷில் வந்தது வேறு.

"ரோட்டில் நாய்கள் கடித்துவிடுமோ என்று பயப்படுகிறார்."

"அப்படியா? அவரையே துணைக்கு வரச் சொல்லேன்" என்றார் பெக்கி அம்மா.

இப்போது இதைத் தமிழாக்க வேண்டும்! "ஐயா... நீங்க சொல்றது அவுகளுக்குப் புரியுதாம். ஆனா ஓடாட்டி காலு பிடிச்சுக்கிருமாம். நீங்க கூட வந்தா ஊர்ல ஒருத்தரும் பேச மாட்டாகன்னு சொல்றாக."

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். என் பொய்யால் கல்யாணத்தில் ஏதாவது குழப்பம் வந்தால்?

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தால், ஐயா நிற்கிறார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, டிவிஎஸ் ஃபிப்டி, கையில் ஒரு கம்பு.

"எம்புட்டுத் தூரம் போகணும்?"

முன்னால் பெக்கி அம்மா, பின்னால் ஐயா, அதற்கும் பின்னால் நான். போகிற வழியில் ஐயா கேட்கக் கேட்க, ஸ்கூட்டியை அவர் பக்கத்தில் விட்டு, சம்பந்தியம்மா கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். டீக்கடைக்காரர் எழுந்து நின்று, "என்னண்ணே, காலங்காத்தால கெளம்பிட்டீக?" என்றார்.

ஐயா வண்டியையே நிறுத்திவிட்டார். "சம்பந்தியம்மா யாருன்னு நெனச்ச? அமெரிக்காவுல பெரிய ஓட்டக்காரவுக. அம்புட்டுப் பெரிய நாட்டுல நாலாவது ஆளு!"

பெக்கி அம்மாவும் நின்று, என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்த முறை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையால் கண்ணைத் துடைத்தார். "இத்தனை வருஷத்தில் யாரும் அதை இப்படிச் சொன்னதில்லை" என்றார்.

கல்யாணத்தன்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "தெரியும். நாயைப் பற்றிப் பேசுகிற முகமா அவர் முகம்?" என்றார்.

ஐயாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தப் போஸ்ட்டை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி ஓடும் பெண்களில் நானும் ஒருத்தி. எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நல்லதுதான். ஆனாலும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்து, பதறி விசாரித்த அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் லேசாக ஏக்கமாக இருக்கிறது...

போன பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பெக்கி அம்மா வந்திருந்தார். முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஓட்டம் இல்லை, நடைதான். ஐயாவும் வண்டியை விட்டுவிட்டார். அதே ரோட்டில் இருவரும் மெதுவாக நடந்து போவதைப் பார்த்ததும், ஓடிக்கொண்டிருந்த நான், ஓட்ட நேரம் கணக்கிடும் வாட்சை நிறுத்திவிட்டுச் சேர்ந்துகொண்டேன்.

மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவர் இங்கிலீஷிலும் இவர் தமிழிலுமாக, முழங்கால் வலியைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்கள்.