இரட்டைக் கண்ணாடியும் மேற்கு வெயிலும்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் ஷென்டன் வே பக்கம் ஒரு பொறியியல் ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கட்டப்போகும் கட்டடத்துக்கு எவ்வளவு குளிரூட்டல் தேவைப்படும் என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. சுவர், கூரை, சன்னல், விளக்கு, ஆட்கள் எல்லாவற்றையும் எண்களாக ஏற்றிவிட்டால், இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடத்தின்மேல் ஒரு வருஷ வெயில் அடித்து ஓயும். எனக்கு அது அலுத்ததே இல்லை.

லண்டன் போய்வந்த ஒரு தமிழர், தாம் கட்டவிருந்த அலுவலகக் கோபுரத்துக்கு இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள்தான் வேண்டும் என்றார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்திருப்பார்கள். வெப்பம் எளிதில் கடக்காது. ஏர்கானுக்கு வேலை பாதியாகிவிடும் என்று நம்பினார். நானும்தான்.

கணினி அச்சடித்த தாளைப் பார்த்தால், குளிரூட்டல் தேவை பேருக்குத்தான் குறைந்திருந்தது. எங்கோ தப்பாக ஏற்றிவிட்டேன் என்று மறுபடி ஓட்டினேன். அதே விடை.

அடுத்த மேசையில் இருந்த தோழியும் பொறியாளர்தான்.

“என்னக்கா, கம்ப்யூட்டரோட சண்டையா?”

“இன்சுலேஷன் போட்டும் வித்தியாசமே தெரியல லா.”

“உள்ளயும் வெளியயும் டெம்பரேச்சர் என்ன அவ்ளோ வித்தியாசமா? இது என்ன ஐஸ் கொட்டுற ஊரா?”

அப்படியென்றால் அவ்வளவு வெப்பமும் எந்த வழியாக வருகிறது? மதியம் எங்கள் அலுவலகத்தின் மேற்குச் சன்னலருகே போய் நின்றேன். அறைக் காற்று சில்லென்றிருந்தது; கண்ணாடி வழியாக வெயில் விழுந்த முன்கை மட்டும் சுட்டது. காற்றின் சூட்டை இரட்டைக் கண்ணாடி தடுக்கும். வெயிலை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும்.

திரும்பி வந்து, சாதாரணக் கண்ணாடியையே வைத்து, ஒவ்வொரு சன்னலுக்கு மேலும் பக்கவாட்டிலும் வெளியே நீண்டு வெயிலை மறைக்கும் கான்கிரீட் தடுப்புகளைக் கணக்கில் ஏற்றினேன். குளிரூட்டல் தேவை சரசரவென்று இறங்கியது. தோழி என் நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “இன்னொரு தடவ ஓட்டுங்கக்கா” என்றார்.

கட்டட உரிமையாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “அப்ப லண்டன்ல ஏம்மா போடுறாங்க?” என்று கேட்டார்.

“அங்க உள்ள இருக்கற சூடு வெளிய போயிடக்கூடாது சார். நமக்கு வெயில் உள்ள வரக்கூடாது.”

தடுப்புகளுக்கு ஒப்புக்கொண்டார். ஆனாலும் சாலையைப் பார்த்த கீழ்த்தளத்துக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடியை விட்டுக்கொடுக்கவில்லை. “பஸ் சத்தமாவது குறையும்ல?”

சத்தத்தை நாங்கள் கணக்கில் எடுத்ததே இல்லை. கட்டடம் திறந்த பிறகு ஒருநாள் அந்தக் கீழ்த்தளத்துக்குள் போய் நின்று பார்த்தேன். வெளியே பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் உறுமல்கூட எனக்குக் கேட்கவில்லை.