மனைவியோடு நிற்கும் படம்

பெறாமகளின், அண்ணனுடைய மகளின், கல்யாணத்துக்காகத் தாய்லாந்திலிருந்து மெல்பர்ன் வந்து, ட்ருகனினாவில் அண்ணன் வீட்டில் முதல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கடவுச்சீட்டை விரித்துப் பார்த்தேன். தாய்லாந்துப் பெண்ணின் கணவன் என்ற தகுதியில் கிடைத்த ஒரு வருட விசா நீட்டிப்பு அதில் இருந்தது. முடிய இன்னும் எட்டு மாதம். அதற்குக் கீழே ஒரு சின்ன முத்திரை. நாட்டைவிட்டு வெளியேறுமுன் மீள்நுழைவு அனுமதி எடுக்காவிட்டால் நீட்டிப்பு செல்லாது.

நான் எடுக்கவில்லை. அதைக் கொடுக்கும் மேசை பாங்கொக் விமான நிலையத்திலேயே இருக்கிறது. கோப்பி தேடிக்கொண்டு அதைக் கடந்து நடந்திருக்கிறேன். மற்றவர்களின் பிழைகளைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு பத்திரிகை எனக்கு இருபத்தாறு வருடம் சம்பளம் தந்தது.

விமானம் கிளம்பியதும் திருமணம் அப்படியே இருந்தது. கணவன் மட்டும் காலாவதியாகிவிட்டான். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு இருப்பதால் சும்மா போய் இறங்கலாம், சுற்றுலாப் பயணியாக. பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்திய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அங்கே போனபின் கணவனாக மாறவும் வழி உண்டு. ஆனால் அதற்கு மனைவி நேரில் வந்து அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். அவளுக்கு மூன்று வாரத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஊன்றுகோலோடு வந்து, வரிசையில் நின்று, இவர் என் புருஷன்தான் என்று சொல்லும்படி அவளைக் கேட்குமளவுக்கு எனக்குத் துணிவில்லை. ஆகவே மெல்பர்னிலிருந்தே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, சிகிச்சைக்கு முன் விசா வரக் காத்திருந்தேன்.

அண்ணன் ஆறுதல் சொன்னார். "அகதியா வரேக்க மூண்டு நாடு தாண்டி வந்தனீ. அப்ப ஒரு பேப்பரும் இல்லை. இப்ப எல்லாப் பேப்பரும் இருக்கு, சொந்தப் பெண்சாதியிட்டப் போகேலாமல் நிக்கிறாய்."

விசா வரவில்லை, ஒரு மின்னஞ்சல் வந்தது. திருமணச் சான்றிதழ் கிடைத்தது, நன்றி. கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றையும் அனுப்பவும்.

போன நீட்டிப்புக்கு எடுத்த படங்கள் பழைய போனில் இருந்தன. சொங்க்ரான் பண்டிகையில் தெருவே தண்ணீர் ஊற்றி விளையாடியபோது அதுவும் குளித்து உயிரை விட்டது. புதிய போனில் அவளை நான் எடுத்த படங்கள் இருந்தன. அவளுடைய போனில் என்னை அவள் எடுத்த படங்கள் இருந்தன. எடுப்பவர் படத்தில் இருப்பதில்லை.

"எங்கட வீட்டுப் படங்களில இல்லாமலா?" என்று அண்ணி அல்பங்களைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் இருவரும் மெல்பர்ன் வந்த ஒவ்வொரு முறையும் எடுத்தவை. எல்லாவற்றிலும் நான் ஆண்களோடு கதிரையில் இருந்தேன். அவள் பெண்களோடு பின்னால் நின்றாள். எங்கள் திருமணத்துக்கென்று அண்ணன் மண்டபம் எடுத்துக் கொடுத்த விருந்தின் படங்களில்கூட, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் ஓர் அன்ரி நின்றார். அதே அன்ரி அல்ல. முறை வைத்து நின்றிருக்கிறார்கள்.

"அது மரியாதை," என்றார் அண்ணி.

"அந்த மரியாதைக்கு விசா தரமாட்டாங்கள், அண்ணி."

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்க, கையில் மருதாணியோடு மணப்பெண்தான் கண்டுபிடித்தாள். அண்ணனின் அறுபதாவது பிறந்தநாள் படம். முன்னால் அண்ணன் கேக் வெட்டுகிறார். பின்னால் குசினி வாசலில் நானும் மனைவியும், வேறு யாருமில்லாமல். அவள் என் முகத்துக்கு நேரே விரல் நீட்டியிருக்கிறாள். நான் கை கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன். சண்டை எதற்கென்று எனக்கு நினைவிருக்கிறது. திரும்பிப் போகும் டிக்கெட்டின் திகதியைச் சரிபார்த்தாயா என்று கேட்டாள். எனக்கே சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். எடுத்துப் பார்த்தால், டிக்கெட் அதற்கு முந்தின நாளுக்குரியது.

"சித்தப்பா, இது ஒண்டுதான் இருக்கு. யூ கைஸ் லுக் ஸோ மேரீட்!"

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இதை அனுப்படா. இவன் புருஷன் இல்லையெண்டு ஒருத்தனும் சொல்லமாட்டான்."

கேக்கையும் அண்ணனையும் வெட்டி நீக்கிவிட்டு அனுப்பினோம். கல்யாணத்தில் என்னைப் பார்த்தவர்களில் பாதிப்பேர், "பெண்சாதி வீட்டைவிட்டுக் கலைச்சுப் போட்டாவாமே?" என்று விசாரித்தார்கள். ஓம் என்றேன். விளக்கம் நீளமானது.

சிகிச்சைக்கு இரண்டு நாள் இருக்க விசா வந்தது. மூன்று மாதத்துக்கு நான் மீண்டும் கணவன். அதன்பின் நீட்டிப்பு, வீட்டுவாசலில் புதிய படங்கள், பிறகு எங்காவது போவதென்றால் முதலில் விமான நிலையத்தின் அந்த மேசை. விமானம் ஏறுமுன் வீடியோவில் மனைவியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்பிய படத்தையும் காட்டினேன். அடுத்த நீட்டிப்புக்குப் படம் எடுக்கும்போது ஊன்றுகோலை நீட்டுகிறேன், விரலைவிட அது நன்றாகத் தெரியும் என்றாள்.