எந்தப் பக்கத்திலிருந்து ஆறு

"முதல் அடி யாரோடது?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு போலீஸ் அதிகாரி என்னைக் கேட்ட கேள்வி இது. அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளே ஒரு கட்டிலில் தாடை உடைந்த ஒருவர் கிடந்தார். இன்னொரு கட்டிலில் என் அண்ணன். தாடையை உடைத்த என் சித்தி, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் இடுக்கில் காய்ந்துபோன ரத்தத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்துத்தான் அவள் வீட்டுக்கு வருவாளா, சிறைக்குப் போவாளா என்பது இருந்தது.

சித்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் "சித்தி" என்று கூப்பிட்டதை ஒர்க்‌ஷாப்புக்கு வருபவர்கள் "சுத்தி" என்று மாற்றிவிட்டார்கள். அவள் கை அப்படி. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் செய்வாள். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் அவள் உலகம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒருமுறை நழுவியது. ஸ்பிரிங் பறந்து வந்து அவள் உதட்டைக் கிழித்து, முன்பற்கள் இரண்டைப் பெயர்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. சுவரில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. பூசிவிடலாம் என்று அம்மா சொன்னபோது, "இருக்கட்டும்க்கா, கண்ணாடி பாக்குற மாதிரி இருக்கு" என்றாள்.

சித்தப்பா என்று ஒருவர் இருந்தார். கல்யாணமான புதிதில் பெல்ட்டால் அடிப்பார், பிறகு கையில் கிடைத்ததால் எல்லாம் அடித்தார். ஒருநாள் அடித்துவிட்டு அவர் வெளியே போகும்போது சித்தி கதவைச் சாத்தினாள். அவர் கை கதவு நிலையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினாள். எலும்பு முறிந்த சத்தம் மாடி வீட்டுக்காரர்களுக்குக் கேட்டதாம். அன்றே டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எதிராளி கை ஓங்கட்டும் என்று அவள் காத்திருக்கவே மாட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அன்று என் கன்னத்தில் ஒன்று விட்டாள். லைசென்ஸ் எடுக்கும் முன்பே வண்டி ஓட்டியதற்காக அண்ணனை ரப்பர் குழாயால் வெளுத்தாள். பிறகு அதே அண்ணனுக்கு வளைவில் எப்போது பிரேக்கை விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அண்ணன் நன்றாக ஓட்டுவான். சித்தி அதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருடன் ஒரு பல் டாக்டர் வந்ததும் அவன் ஓட்டுவதைக் கேள்விப்பட்டுத்தான். மலைச்சாலைப் பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்யவேண்டும், அண்ணன் ஓட்டவேண்டும் என்றார். வந்ததும் வராததுமாகச் சித்தியின் வாயைப் பார்த்து, பல் கட்டிவிடுகிறேன் என்று சொல்லப்போக, வண்டியை மட்டும் பார்த்தால் போதும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனி போட்டுக் கொடுத்த சஸ்பென்ஷன் பந்தயத்துக்கு ஆகாது. நாமே கூட்டிக் குறைக்கிற மாதிரி வெளியே விற்கும் செட்டில் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. டாக்டர் மூன்று வரவழைத்தார். முதல் செட்டில் உயரத்தை மட்டும்தான் மாற்றலாம். ஷாக்கின் உடம்பில் மரை இருக்கும், கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் திருப்பினால் வண்டி இறங்கும், ஏறும். இரண்டாவதில் உயரத்தோடு ஒரு திருகும் உண்டு. அதைத் திருப்பினால் ஷாக் இறுகும், தளரும். மூன்றாவதில் ஷாக்குக்கு வெளியே தனியாக ஒரு சிறிய டப்பா தொங்கும், திருகு இரண்டு. எவ்வளவு எதிர்ப்போடு அமுங்கவேண்டும் என்பதற்கு ஒன்று, எவ்வளவு வேகமாக எழவேண்டும் என்பதற்கு ஒன்று. திருப்பும்போது கேட்கும் 'கிளிக்' சத்தத்தை எண்ணித்தான் அளவு வைக்கவேண்டும்.

சித்தி மூன்றையும் மேசையில் படுக்கவைத்துப் பார்த்தாள். முதலாவது போட்டோ எடுக்க நல்லா இருக்கும் என்றாள். மூன்றாவது நல்ல சாமான்தான், ஆனால் நாலு சக்கரத்துக்கு எட்டுத் திருகு, அதில் ஒன்று தப்பினாலும் வண்டி பொய் சொல்லும் என்றாள். இரண்டாவதைப் போடச் சொன்னாள். டாக்டருக்கு மூன்றாவதின் மேல்தான் ஆசை. ஓட்டிப் பார்த்தே முடிவு செய்வோம் என்றார்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. காங்கிரீட் பாளங்கள், இணைப்புகளில் புல், ஓரத்தில் இளகிய மண். தார் டிரம்களை வைத்து வளைவுகள் அமைத்தோம். மூன்று செட்டுக்கும் ஒரே வண்டி, ஒரே டயர், ஒரே ஆள். நேரம் பார்ப்பது நான். மூன்றாவது செட்டை விற்கும் ஏஜென்ட்டும் வந்தார். தன் செட்டைத் தானும் கூட இருந்துதான் மாட்டுவேன் என்றார். வேறு யாராவது மாட்டிவிட்டுச் சரியில்லை என்று சொல்லிவிடுவார்களாம்.

காலையில் சித்தி முதல் செட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஏஜென்ட் டாக்டரிடம் பேசுவதுபோல அவளுக்குக் கேட்கும்படி சொன்னார்: "கட்டின புருஷனையே தாங்காதவங்க, வண்டியத் தாங்க வைக்கப்போறாங்களாம்."

சித்தி எழுந்தாள். கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையால் அவரை அறைந்தாள். அவர் மூக்குக்கண்ணாடி தெறித்துக் காங்கிரீட்டில் சறுக்கிக்கொண்டு போயிற்று. மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் சட்டையில் இறங்கியது. அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தன் வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். சித்தியும் ஒன்றும் நடக்காததுபோல ஸ்பானரை எடுத்தாள்.

முதல் செட்டில் அண்ணன் ஓட்டியபோது ஒவ்வொரு இணைப்பிலும் வண்டியின் அடிப்பாகம் இடித்தது. "வண்டியோட சேர்த்து நானும் அடி வாங்கினேன்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இரண்டாவது செட்டில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சித்தி எந்த செட்டை மாட்டினாலும் கடைசியில் வண்டியைச் சுற்றி வருவாள். நான்கு மூலையிலும் உள்ளங்கையை ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு, எழும் விதத்தைப் பார்ப்பாள். நான்கும் ஒன்றுபோல எழுந்தால்தான் சாவியைக் கொடுப்பாள்.

மூன்றாவதை மாட்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சீக்கிரம் முடிக்க, இடது பக்கம் சித்தி, வலது பக்கம் ஏஜென்ட். பானெட்டின் இரண்டு பக்கமும் குனிந்து, தலை முட்டும் தூரத்தில் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நடுவில் டாக்டர்தான் தூது.

"டாக்டர், ஆறு கிளிக்னு சொல்லுங்க அவர்கிட்ட."

"ஆறு கிளிக்காம் சார்."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு டாக்டர். சிலருக்குத்தான் வாய் இருக்கவேண்டிய இடத்துல கை இருக்கு."

அண்ணன்கூடச் சிரித்தான். சித்தி இடது பக்கம் இரண்டு மூலையையும் அமுக்கிப் பார்த்தாள். வலது பக்கம் போகவில்லை. அந்த ஆள் நிற்கும் பக்கம் போக அவளுக்கு மனமில்லை. சாவியை அண்ணனிடம் வீசினாள்.

நேராக ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. இடது வளைவில் திரும்பியபோது வண்டியின் வலது பக்கம், முட்டியில் உதைபட்ட ஆள் மாதிரி மடங்கி உட்கார்ந்தது. அடுத்த இணைப்பில் அதே வேகத்தில் துள்ளி எழுந்தது. இடது பக்கம் அசையவே இல்லை. வண்டி குறுக்கே திரும்பி, டிரம்மை அடித்துத் தூக்கி, ஓரத்து மண்ணில் சக்கரம் குத்தி, உருண்டது. முதல் உருளலில் கண்ணாடிகள் போயின. அடுத்த உருளலில் கதவு பிய்ந்தது. கூரை நசுங்கும் சத்தம் எலும்பு நொறுங்குவதுபோல இருந்தது. கடைசியில் தலைகீழாக நின்றது. சக்கரங்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

முதலில் ஓடிப்போனவர் ஏஜென்ட்தான், அதை மறைக்கக்கூடாது. பெல்ட்டில் தொங்கிய அண்ணனை விடுவித்து இழுத்து வெளியே போட்டார். அண்ணனின் வலது முழங்கையில் தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. காலரைப் பிடித்துத் தூக்கி, "என் செட்டைக் கெடுக்கணும்னே ஓட்டினியாடா? உங்க சித்தி சொல்லிக்கொடுத்தாளா?" என்று கேட்டு அறைந்தார். மறுபடியும் அறைந்தார். அண்ணனின் தலை துணிப்பந்து மாதிரி ஆடியது.

சித்தி ஓடி வந்தாள். கையில் கொக்கி ஸ்பானர் இருந்தது. பேச்சே இல்லை. முதல் வீச்சில் அவர் தாடை ஒரு பக்கமாக விலகியது. விழுந்தவரின் நெஞ்சில் முட்டியை ஊன்றி மறுபடி அடித்தாள். நானும் டாக்டரும் இழுத்தோம். அவள் முழங்கை பட்டு டாக்டருக்கு மூக்கு உடைந்தது. எனக்கு உதடு கிழிந்தது. அவளாக நிற்கும்வரை எங்களால் நிறுத்த முடியவில்லை.

நின்றதும் அவள் அண்ணனிடம் போகவில்லை. கவிழ்ந்த வண்டியிடம் போனாள். வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஷாக்கின் டப்பாவில் இருந்த திருகை ரத்தக் கையால் பிடித்து, இறுக்கும் பக்கமாக ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி, சத்தமாக எண்ணினாள். ஆறில் அது முட்டி நிற்கவேண்டும். நிற்கவில்லை. "ஏழு" என்றாள், குரல் இறங்கிவிட்டது. பத்து, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பதினெட்டில் நின்றது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எங்கேருந்துங்க எண்ணுனீங்க?" என்று ஏஜென்ட்டைக் கேட்டாள். அன்று அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. விரலைத் தூக்கி, தளர்த்தும் பக்கமாகக் காற்றில் சுழற்றிக் காட்டினார்.

திருகில் இருப்பது மொத்தம் இருபத்துநான்கு கிளிக். சித்தி கற்றது, முழுவதும் இறுக்கிவிட்டு அங்கிருந்து தளர்த்திக்கொண்டே எண்ணுவது. ஏஜென்ட் கற்றது, முழுவதும் தளர்த்திவிட்டு அங்கிருந்து இறுக்கிக்கொண்டே எண்ணுவது. இரண்டு பேர் சொன்னதும் ஆறுதான். இரண்டு பேரும் தப்பாகத் திருப்பவில்லை. ஒருவரையொருவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டி கவிழ்ந்த பிறகு ஏஜென்ட்தான் முதலில் கை ஓங்கினார் என்று பல் டாக்டர், மூக்கில் பஞ்சோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அதிகாரியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கை உடைந்து கிடந்தவனை அடித்ததைப் பார்த்த பதற்றத்தில் நடந்தது என்று எழுதிக்கொள்ளலாம், லேசாகப் போய்விடும் என்று அதிகாரியும் நினைத்தார் போலிருக்கிறது. நானும் ஆமாம் என்றால் முடிந்தது. என் வாய் திறக்கவில்லை. காலையில் தெறித்த அந்த மூக்குக்கண்ணாடி என் கண்முன்னாலேயே நின்றது.

சித்தி நகத்தால் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"இந்தப் பொண்ணைக் கேக்காதீங்க சார். முதல் அடி என்னோடது. காலையில."

"காலையில நடந்தது இதுல வராதும்மா. வண்டி கவுந்ததுக்கு அப்புறம் யாருன்னு கேக்கறேன்."

"நீங்க அங்கேருந்து எண்ணுறீங்க. நான் காலையிலேருந்து எண்ணுறேன். நான் அறையலன்னா அந்த ஆளு வாயத் திறந்து கேட்டிருப்பாரு, எந்தப் பக்கத்துலேருந்துன்னு. நானும் அவரு பக்கம் போய் ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்திருப்பேன். புள்ள கை உடைஞ்சிருக்காது. எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார்.

அப்போதுதான் அம்மா வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டாள். யாரையும் அடித்தறியாத என் அம்மா தங்கையின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. சித்தி முகத்தைத் திருப்பவில்லை. இன்னொன்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அம்மா அவள் மடியில் விழுந்து அழுதாள்.

சித்தி சிறைக்குப் போனாள், போய் வந்துவிட்டாள். அண்ணனின் முழங்கை இப்போது முழுதாக நீளாது, ஸ்டீயரிங்கை வேகமாகத் திருப்ப முடியாது. பந்தயம் முடிந்த கதை. அவள் உள்ளே இருந்த காலத்தில் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைத்திருந்தது அவன்தான். டாக்டர் வேறு வண்டி வாங்கி, வாயைத் திறக்காமல் இரண்டாவது செட்டையே போட்டுக்கொண்டார். சித்தி மாறிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம்கூட ஒரு வாடிக்கையாளரின் காலரைப் பிடித்துவிட்டாள். பிடித்துவிட்டு, என்ன கேட்க வந்தீங்க என்று அவரையே கேட்டாள், அது புதுசு. தாடை கோணிப்போன ஏஜென்ட் எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை. அவர் விற்கும் செட்டுகள் மட்டும் வருகின்றன. இப்போதெல்லாம் அவற்றின் ஒவ்வொரு திருகிலும் இறுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறது.

அதிகாரியின் கேள்விக்கு நான் இன்று பதில் சொல்கிறேன். சித்தி சொன்னதுதான் சரி, முதல் அடி அவளுடையதுதான். ஆனால் அவளே இன்னும் பின்னால் போய், அந்தக் கதவு வரைக்கும், பெல்ட் வரைக்கும் போய் எண்ணியிருக்கலாம். அவள் அப்படி எண்ணவில்லை.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த யாராவது வண்டியில் இந்த மாதிரித் திருகு போட்டிருந்தால், மாட்டுபவராக இருந்தால், ஓட்டுபவராக இருந்தால், அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்கவேண்டிய ஆளோடு சண்டை என்றாலும் கேட்கச் சொல்லுங்கள்.