ஒரு வாரத்துக்கு ஒண்ணு

போன வருடம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கும் நேரம். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் தினமும் பஸ் ஏறி விழுப்புரம் போய் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லையென்றால் இன்று எங்கள் அண்ணி இல்லை.

அண்ணிக்கு முடக்குவாதம். காலையில் விரலை மடக்கவே முடியாது, தலை பின்னிவிடுவது நான்தான். திண்டிவனத்தில் ஒரு டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்படிச் சாப்பிடுவது என்று அண்ணன் கேட்டதற்கு, "ஒரு வாரத்துக்கு ஒண்ணு" என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்து, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தானே எடுத்து அண்ணி கையில் கொடுத்தார்.

சில நாளில் அண்ணிக்கு வாயெல்லாம் புண். "உடம்பு சூடு. வெயில்ல மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தா வேற இன்னா வரும்?" என்றார் அண்ணன். எங்கள் பக்கம் வாய்ப்புண் என்றால் சூடுதான், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்துப் பார்த்தோம். குறையவில்லை. கேப்பைக் கூழைக்கூட விழுங்க முடியாமல் அண்ணி அழுதபோது மாத்திரை அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இந்த மாத்திரை வந்த பிறகுதானே இதெல்லாம்?

போனில் தேடினேன். ஒருவர் இது புற்றுநோய் மருந்து, தொடாதே என்றார். இன்னொருவர் எலுமிச்சம்பழத்திலேயே வாதம் ஓடிவிடும் என்றார். யாரை நம்புவது?

மறுநாள் கல்லூரி நூலகத்தில் பனமலைக் கோயிலைப் பற்றிய என் ஆய்வை ஓரமாக வைத்தேன். ஆராய்ச்சித் தரவுத்தளங்களில் எப்படித் தேடுவது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யார் எழுதியது, எப்போது திருத்தியது, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பார்ப்பதை மாத்திரைக்குப் பார்க்கக் கூடாதா? கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் போட்டேன். மெத்தோட்ரெக்சேட்.

முதல் எச்சரிக்கையே இதுதான்: மூட்டு நோய்க்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். வாய்ப்புண் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. வேறு இரண்டு இடங்களிலும் தேடினேன், அதையேதான் சொன்னார்கள்.

அண்ணனுக்குப் போன் செய்து மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். "டாக்டர் குடுத்ததை நிறுத்தச் சொல்ல நீ இன்னா டாக்டருக்கா படிக்கிற?" என்று கத்தினார்.

"இல்ல, வரலாறுதான் படிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் அண்ணிக்கு அந்த மாத்திரையக் குடுத்த, பாத்துக்கோ" என்று நானும் கத்தினேன். நூலகமே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டிலிருந்து அண்ணியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பணியில் இருந்த டாக்டர் காகிதத்தைத் தொடவே இல்லை. "நெட்ல பாத்துட்டு வந்துடறீங்க, உங்களால எங்களுக்குத்தான் பேஜாரு" என்றார்.

"கண்டதைப் பாத்துட்டு வரலீங்க சார், காலேஜ் லைப்ரரியில பாத்துட்டு வந்தேன். தப்புன்னா திட்டுங்க. ஆனா ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத் திட்டுங்க" என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் அதே டாக்டர் வேகமாக வந்தார். அண்ணியின் ரத்த அணுக்கள் மளமளவென்று குறைந்திருந்தன. உடனே படுக்கவைத்து, அந்த மாத்திரையின் வீரியத்தை முறிக்கும் மருந்தை ஏற்றினார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். என்னைத் திட்டவில்லை.

வராந்தாவில் அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ஒரு வாரத்துக்கு, தினம் ஒண்ணுன்னு நெனச்சிக்கினேம்மா. என் கையாலயே குடுத்தேனே" என்றார். அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

கடைக்காரர்மேல் போகவில்லை. அண்ணி தேறியதும் நேரே போனேன். "நான் சரியாத்தானம்மா சொன்னேன்?" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க. எங்க அண்ணன் காதுலயும் சரியாத்தான் உழுந்துச்சு. நடுவுல எங்க அண்ணி போயிருப்பாங்க. இனிமே கெழமையச் சொல்லிக் குடுங்க" என்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் போனபோது கவர்மேல் பெரிதாக 'திங்கட்கிழமை மட்டும்' என்று எழுதிக் கொடுத்தார்.

ஆமாம், டாக்டர் சோதித்துப் பார்த்து அதே மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார். கெட்ட மருந்து இல்லை அது. இன்றும் மருந்துக்கடையில் நான் கேள்வி கேட்டால் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். கொட்டட்டும். திங்கட்கிழமை காலையில் அண்ணி தன் விரலாலேயே தலையைப் பின்னி முடித்துவிட்டு, அந்த ஒரே ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் நாலு கேள்வி சேர்த்துக் கேட்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.